எல்லா டவுன்லைட்டும் ஒன்றல்ல
கூரையில் பதித்த பழைய டவுன்லைட்டுகளில் பல்பை மட்டும் மாற்றினால் போதும், எல்இடிக்கு மாறிவிடலாம் என்று வீட்டு விளக்குகளை மாற்றுவது பற்றிய கட்டுரை சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சிங்கப்பூரில், ஈசூனில் என் அக்கா வீட்டுக் கூடத்தில் இருந்தவை 12 வோல்ட் ஹாலோஜன் விளக்குகள். 50 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 5 வாட் எல்இடி பொருத்தியதுமே ஒளி துடிக்கத் தொடங்கியது. கடைக்காரர் பல்பை மாற்றிக் கொடுத்தும் அதே கதை. குறை பல்பில் இல்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கிடக்கும், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. '20 - 60 வாட்' என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். குறைந்தது அந்த 20 வாட் சுமையாவது இல்லாவிட்டால் அது சீராக இயங்காது; 5 வாட் எல்இடி அதற்குப் போதாது. அதை நீக்கி எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரம் தரும் டிரைவரைப் பொருத்த வேண்டும், அல்லது 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் விளக்குக்கு மாற வேண்டும். இரண்டுமே வயரிங் வேலை. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், தம் வீட்டில் பல்பை மாற்றியதும் பிரச்சினையின்றி எரிந்தது என்கிறார். அவருடையது அநேகமாக 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் ஜியு10 வகை. அதற்கு டிரான்ஸ்ஃபார்மரே தேவையில்லை. பிஎல்சி என்னும் சிறிய ஃப்ளோரசன்ட் குழல் போட்ட வீடுகளிலோ உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பலாஸ்ட் இருக்கும், அதையும் கவனிக்க வேண்டும். கூரைத் துளையும் புதிய விளக்கைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆகவே மொத்தமாக வாங்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கைக் கீழே இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள், துளையையும் அளந்துகொள்ளுங்கள்.