கீழமை நீதிமன்றக் காலியிடத்துக்கும் கொலீஜியம்தான் காரணமா?

"நாட்டில் கோடிக்கணக்கில் வழக்குகள் தேங்குவதற்குக் கொலீஜியம் பெயர் அனுப்பாததே காரணம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளாக நியமிக்கப் பெயர்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுதான் கொலீஜியம். தேங்கியவற்றில் மிகப் பெரும்பகுதி மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் கிடக்கிறது. அங்கே கொலீஜியத்துக்கு வேலையே இல்லை.

சிவில் நீதிபதிகளை அரசியலமைப்பின் 234-வது பிரிவின்படி, தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து வகுத்த விதிகளின்படி ஆளுநர் நியமிக்கிறார். தமிழ்நாட்டில் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். நடுவில் இட ஒதுக்கீட்டையோ விடைக்குறிப்பையோ எதிர்த்து வழக்கு வந்தால் பட்டியல் அப்படியே நிற்கும். இதற்கெல்லாம் கால அட்டவணையை உச்ச நீதிமன்றம் 2007-லேயே மாலிக் மஸார் சுல்தான் வழக்கில் வகுத்துவிட்டது, கடைப்பிடிப்பதுதான் குறை.

இருக்கை காலியானால் பக்கத்து நீதிபதி கூடுதல் பொறுப்பு ஏற்பார். அவருக்கும் சொந்த வழக்குகள் உண்டே! பெரும்பாலும் ஜாமீன், இடைக்காலத் தடை போன்ற அவசர மனுக்களைத்தான் பார்க்க முடியும், மற்றவற்றுக்கு வாய்தா. வாதம் முடிந்து தீர்ப்புக்கு முன் நீதிபதி மாறினால், புதியவர் வாதத்தை மறுபடி கேட்க வேண்டும். பணமின்றித் திரும்பிய காசோலை வழக்கு, சாட்சியத்தின் சாரத்தை மட்டும் பதியும் சுருக்க விசாரணையாக நடந்திருந்தால் இன்னும் மோசம்: சாட்சியமே முதலிலிருந்து.

உயர் நீதிமன்றங்களிலும் தாமதம் கொலீஜியத்தோடு முடிவதில்லை. அரசு திருப்பி அனுப்பியும் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்திய பெயரை 3 முதல் 4 வாரத்தில் மத்திய அரசு நியமிக்க வேண்டும் என்று ஏப்ரல் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கோப்புகள் காத்திருந்தன.