ஒரே நிலக்கரி, இரண்டு மழைக்காலம்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியில் கணிசமான பங்கு ஒடிசாவின் தால்ச்சர் பக்கம் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டியது. ரயிலில் பாராதீப் போய், கப்பலேறி இங்கே வருகிறது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அதைக் கழுவுகிறது, இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கழுவிய தண்ணீர் அங்கே நந்திரா ஓடை வழியாகப் பிராமணி ஆற்றுக்குப் போகும். இங்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும்.

நிலக்கரித் தண்ணீர் என்றதும் எல்லோரும் கேட்பது "சுத்திகரிப்புத் தொட்டி இருக்கா?" என்றுதான். கேட்க வேண்டியது அதற்கு முந்தின கேள்வி: நல்ல மழைத்தண்ணீர் கரியைத் தொடாமல் ஒதுங்கிப் போக வழி இருக்கிறதா?

சுரங்கத்தில் இதற்காகவே குழியின் மேல் விளிம்பையும், தோண்டிய மண்ணைக் கொட்டிய மண்மேடுகளின் அடியையும் சுற்றி 'கார்லண்ட் டிரெயின்' என்ற வாய்க்கால் வெட்டுவார்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை, அந்தப் பகுதியின் 50 ஆண்டு மழைக் கணக்கில் வந்த உச்ச மழைக்கு மேல் இன்னும் 50 சதவீதம் கூட்டி இதன் அளவை முடிவு செய்ய வேண்டும் என்பது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். வாய்க்காலின் சாய்வில்தான் கெடும். சாய்வு குறைந்தால் வண்டல் அடைத்து, தண்ணீர் கரை தாண்டிக் குழிக்குள் விழும். கூடினால் வாய்க்காலே அரித்துப் போய் புதுச் சேற்றைக் கொண்டுவரும். மண்மேட்டின் அடியில் தடுப்புச்சுவர் கட்டி, நீர் கசிய ஓட்டை விடாமல் போனால், உள்ளே தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும்.

எண்ணூரில் நிலக்கரியைக் குவித்து வைக்கும் யார்டுகளுக்கும் இதே கணக்குதான். ஒரு ஹெக்டேரில் 100 மி.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர். 10 ஹெக்டேர் யார்டில் ஒரு கோடி லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 830 லோடுக்கு மேல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஒரே நாளில் 200 மி.மீ.க்கு மேல் கொட்டியது. கூட்டிப் பாருங்கள்.

கரித்தூள் படிவதற்கான வண்டல் தொட்டியை ஆழமாகத் தோண்டினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. தூள் படிவதை முடிவு செய்வது தொட்டியின் பரப்பு. அதோடு, தண்ணீரை 1 என்று வைத்தால் மண்ணின் அடர்த்தி 2.65 என்றால் நிலக்கரியின் அடர்த்தி 1.4 அளவுதான். அசையாத நீரில் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) மண் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும். அதே அளவு கரித்துகளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். அந்த 10 ஹெக்டேர் யார்டில் மணிக்கு 25 மி.மீ. மழை பெய்து அத்தனையும் ஓடிவந்தால், அந்தத் தூளைப் பிடிக்க 2.7 ஹெக்டேர் தொட்டி வேண்டும். யார்டில் கால் பங்குக்கு மேல்! யார் விடுவார்கள் அவ்வளவு இடம்? அதனால்தான் படிகாரம் போட்டுத் துகள்களைத் திரட்டிப் படிய வைக்க வேண்டும். எவ்வளவு என்பதை ஒவ்வொரு மழைக்கும் ஜார் டெஸ்டில் (சில ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்துப் போட வேண்டும்; போன வருஷ அளவு இந்த வருஷத் தண்ணீருக்கு ஒத்துவராது. தெளிந்த நீரை வெளியே விடாமல், தூசி அடக்கும் ஸ்பிரிங்க்ளருக்குத் திருப்பினால் வெளியேற்றமும் குறையும், நிலத்தடி நீர் உறிஞ்சுவதும் குறையும்.

கந்தகம் குறைவு என்பதால் தால்ச்சர் நிலக்கரியில் அமிலத் தொல்லை அஸ்ஸாம் சுரங்கங்களைப் போல இல்லை. ஆனாலும் கரியிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகும்; வாய்க்காலில் செம்மஞ்சள் படிவு தெரிந்தால் அதுதான். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம். அளவு மீறினால் pH 9-ஐத் தாண்டி அதுவே விதிமீறலாகும்.

சுரங்கத்தில் பலர் கவனிக்காதது நைட்ரேட். வெடிமருந்திலுள்ள அம்மோனியம் நைட்ரேட் பாறையில் வெடி வைக்கப் போட்ட துளை ஈரமாக இருந்தால் கரைந்து நீரோடு போய்விடும். நீர் நிற்கும் துளைக்கு நீரில் எளிதில் கரையாத எமல்ஷன் வகை வெடிமருந்துதான் சரி.

எனக்கு மிகவும் கோபம் வருவது மாதிரி எடுக்கும் முறையில். வெளியேறும் நீரில் படியாமல் கலந்து மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, வெயில் அடிக்கும் நாளில், தொட்டி அமைதியாக இருக்கும்போது பாட்டிலை முக்கினால் அந்த எண் கண்டிப்பாக வரும். கரி ஆற்றுக்குப் போவது மழை பிடித்த முதல் அரை மணியில். மாதிரியை அப்போது எடுக்க வேண்டும், வாய்க்கால் ஆற்றைத் தொடும் இடத்தில் எடுக்க வேண்டும், நாளும் நேரமும் அன்றைய மழையளவும் சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

எண்ணூரில் வண்டல் தொட்டியைத் தூர் வாரும் வேலை செப்டம்பர் கடைசிக்குள் முடிய வேண்டும். போன வருஷச் சேறு பாதித் தொட்டியை அடைத்துக்கொண்டிருந்தால் முதல் கனமழையிலேயே கறுப்புத் தண்ணீர் வழிந்து கால்வாயில் இறங்கும். காட்டுக்குப்பத்து மீனவர் வலையில் விழ வேண்டிய இறாலுக்கு எண்ணூர் கழிமுகம்தான் வளரும் இடம். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால், தூர் வாரிய தேதியையும் வாரிய சேறு எங்கே கொட்டப்பட்டது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.