கூண்டு ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுங்கள்

நாய் வளர்க்கிற நண்பர்கள், உறவுக்காரர்கள் எனக்கு போன் செய்தால் பாதி நேரம் இதே கேள்விதான். "நாங்க ஆபீஸ் கிளம்புனதும் கத்த ஆரம்பிச்சிடுது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க, கூண்டு வாங்கிப் பழக்கினா சரியாயிடுமா?" என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கூண்டுப் பழக்கம் நல்ல விஷயம்தான். ஆனால் தனியாக விட்டால் பதறுகிற நாய்க்கு அது மருந்து இல்லை. பல நாய்களுக்குப் பதற்றம் அதில் இரட்டிப்பாகும்.

கூண்டுக்கு நான் எதிரி இல்லை. குட்டியிலிருந்தே அதற்குள் சாப்பிட்டு, தூங்கிப் பழகிய நாய்க்கு ஆயுசு முழுக்கப் பயன்படும். கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு தையல் ஆறும்வரை ஓடவிடாமல் வைக்கலாம். ஊருக்குப் போகும்போது நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விட்டால் மிரளாது. ரயிலில் ஏசி முதல் வகுப்புக் கூப்பேயை முழுதாக எடுக்க முடியாதவர்களின் நாய், கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்ப்பெட்டியில்தானே போக வேண்டும்? அடைபட்டுப் பழகாத நாய்க்கு அந்த ராத்திரி நரகம். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம், கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவதைவிடப் பழகிய கூண்டில் பதுங்குவது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் தனிமையைத் தாங்குகிற நாய்க்கு. தாங்காத நாயின் கதை வேறு. அது குறும்பு செய்வதில்லை, உங்களைப் பழிவாங்குவதும் இல்லை. அதற்கு வருவது பயம், அதுவும் தன் கட்டுப்பாட்டில் இல்லாத பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பழைய செல்போன் போதும். டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். போரடிக்கிற நாய் முதலில் ஒரு தூக்கம் போடும், அப்புறம் சாவகாசமாக உங்கள் செருப்பை எடுத்துக் கடிக்கும். பதறுகிற நாய்க்குப் பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே எல்லாம் ஆரம்பித்துவிடும். அதன் பிறாண்டல், கடி எல்லாம் வாசல் கதவையும் ஜன்னலையும் சுற்றியே இருக்கும், ஏனென்றால் அதற்கு வேண்டியது வெளியே போன ஆள்.

என் சித்தி மகன் வேளச்சேரியில் இருக்கிறான். புருஷன், பொண்டாட்டி இருவரும் ஐடி. 2020 ஊரடங்கில் தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய், பெயர் மிட்டு. வீட்டிலிருந்தே வேலை பார்த்தவரை அது ஒரு தொந்தரவும் தரவில்லை. ஆபீஸ் திறந்ததும் பிரச்சினையும் திறந்தது. அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். லிஃப்ட் சத்தம் அடங்குகிறது. மிட்டு கதவுக்கு அடியில் மூக்கை வைத்து மோந்து பார்க்கிறது, நடக்கிறது, திரும்ப வருகிறது. தாழ்ப்பாளுக்கு நேர் கீழே நிலைச்சட்டத்தைப் பிறாண்டுகிறது. எச்சில் ஒழுகி டைல்ஸில் குட்டையாகத் தேங்குகிறது. வைத்துவிட்டுப் போன சிக்கன் துண்டுக்கு எறும்பு வந்துவிட்டது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவன் கதவைத் திறந்ததும் சுற்றிச் சுற்றிக் குதித்துவிட்டு, நேராகப் போய் அந்தச் சிக்கனைச் சாப்பிட்டது. பசி எப்போதும் இருந்திருக்கிறது, சாப்பிடுகிற நிலையில்தான் அது இல்லை.

அவனும் கூண்டு வாங்கினான். கடைக்காரர் சொன்னாராம், "நாலு நாள் கத்தும், அஞ்சாவது நாள் அடங்கிடும் சார்." நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிணற்றில் தள்ளிவிடுகிற மாமாக்களின் வழி இது. கம்பியைக் கடித்து மிட்டுவின் கீழ்க் கோரைப்பல் நுனி உடைந்தது, மூக்கின் மேல்தோல் உரிந்தது. சத்தம் குறைய மேலே கனமான போர்வை வேறு. பக்கத்து வீட்டில் இப்போது பரவாயில்லை என்றார்களாம்! எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. பல வீடுகளில் கூண்டு வாங்குவது நாய்க்காக இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்காக.

போர்வை விஷயத்தைச் சும்மா விட முடியாது. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இரைத்துத்தான். பயத்தில் ஏற்கெனவே இரைத்துக்கொண்டிருக்கிற நாயை, சென்னை மே மாதத்தில், காற்றுப் போகாத கூண்டில் மூடிவைத்து, நடுவில் கரண்ட்டும் போனால் என்ன ஆகும்? பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு உயிரே போகலாம்.

சட்டமும் இதில் சும்மா இல்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாயை நடமாட விடாமல் இருப்பதும் கொடுமைகளின் பட்டியலில் இருக்கின்றன. ஸ்வீடன், ஃபின்லாந்தில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் பூட்டிவைப்பதற்கே கட்டுப்பாடு உண்டு. நம் ஊரில் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாய் எழுந்து நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்க இடமில்லாத கூண்டை விலை குறைவு என்று வாங்காமல் இருந்தாலே போதும்.

சரி, என்னதான் செய்வது? தனியாக இருக்கப் பழகுவதும் கூண்டில் இருக்கப் பழகுவதும் இரண்டு தனிப் பாடங்கள். ஒரே நாளில் இரண்டையும் தலையில் ஏற்றக் கூடாது. கூண்டு வேண்டுமென்றால் அதன் கதவைக் கழற்றிவிட்டு, நீங்கள் கூடத்தில் இருக்கும்போதே அதில் சாப்பாடு வையுங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பிக்கட்டும். கதவை மாட்டுவதும் மூடுவதும் ரொம்பப் பிறகு வரும் வேலை. சில நாய்களுக்கு அந்தக் கட்டம் வரவே வராது, வராவிட்டால் குடி முழுகிப் போகாது. அந்த நாய்க்குக் கூடமே போதும்.

தனிமைப் பாடம் வண்டிச் சாவியில் ஆரம்பிக்கிறது. சாவியை எடுத்தாலே நாய்க்கு வயிற்றைக் கலக்கும். அதனால் எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்காருங்கள். ஷூ போட்டுக்கொண்டு காய் நறுக்குங்கள். அது அலுத்துப்போய்க் கொட்டாவி விடுகிறவரை செய்யுங்கள். அப்புறம் கதவுக்கு வெளியே சில நொடி, பிறகு கொஞ்சம் கூட. நாய் பதறுவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும், எல்லாம் இதில்தான் இருக்கிறது. பழக்குகிற காலத்தில் அதன் தாங்கும் அளவுக்கு மேல் தனியாக விடவும் கூடாது. இங்கேதான் எல்லாரும் கழன்றுகொள்கிறார்கள், லீவு இல்லை, ஆள் இல்லை என்று. நியாயம்தான். பாட்டி, தாத்தா எல்லாம் திண்ணையில் இருந்த வீடுகளில் இந்த நோய் இருந்ததா என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது, நாய் தனியாக இருந்தால்தானே! இப்போது மேல்வீட்டுக் கல்லூரிப் பையன், டே கேர், ஆளுக்கொரு நாள் வீட்டிலிருந்து வேலை என்று ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது பெரும்பாலும் வீண், உங்கள் நாய் தேடுவது உங்களை.

மாத்திரை என்றதும் என் சித்தி முகம் சுளித்தாள். "நாய்க்குப் போய்ப் பைத்தியக்கார மாத்திரையா?" ஃப்ளூவாக்ஸெடின் என்ற மாத்திரையை நாய்களின் தனிமைப் பதற்றத்துக்காகவே, பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க, மருந்துகளுக்கு அனுமதி தருகிற அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 2007இல் அனுமதித்தது. க்ளோமிப்ரமின் என்ற இன்னொரு மாத்திரைக்கு அனுமதி அதற்கும் முன்னால். வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பயிற்சி இல்லாமல் அது மட்டும் போதாது, வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையை உடைத்துப் போடவே கூடாது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தெருமுனைக் கிளினிக்குக்குப் போனாலும் சரி, அந்த வீடியோவை டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் வாலாட்டி நிற்கிற நாயைப் பார்த்து அவரால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

மிட்டு இப்போது மாத்திரையோடு ஒரு மதியம் தாங்குகிறது. கூண்டின் கதவு பரணில் கிடக்கிறது, கதவில்லாத கூண்டுக்குள் தன் பழைய துண்டை இழுத்துப் போட்டுத் தூங்குகிறது. முழுநாள் இன்னும் முடியாது. அதனால் அவர்கள் கல்யாணங்களுக்கு ஷிப்ட் போட்டுத்தான் வருகிறார்கள், ரிசப்ஷனுக்கு அவள், மறுநாள் முகூர்த்தத்துக்கு இவன். சொந்தத்தில் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று பேச்சு, சித்தி எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறாள்.