இருநூறு ரூபாய் மூப்பு

இடம்: செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஒரு ஊர். ஓட்டு வீட்டுத் திண்ணை.

ஆட்கள்: ஒச்சம்மா, எழுபதைத் தாண்டியவர், மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார். பிரபு, மதுரை செல்லூர்க்காரன். முதியோர் நலனுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தான். டீ வருவதற்குள் நாலு பக்கப் பாரம் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். புது ஆளை முதல் நாளே தனியாக அனுப்பக் கூடாதுதான். ஆனால் கூட அனுப்ப ஆள் வேண்டுமே.

பிரபு: வணக்கம் அப்பத்தா. உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒச்சம்மா: குழுக் கடனா? அது சின்ன மருமகள் பேரில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வா.

பிரபு: கடன் வசூலுக்கு வரவில்லை அப்பத்தா.

ஒச்சம்மா: கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்தத் தெருவுக்குள் வருகிறவன் வேறு எதுக்கு வருவான்?

பிரபு: நான் சமூகப் பணியாளர். வயதானவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, உதவி கிடைக்க வழி பண்ணுவது என் வேலை. இன்றைக்குத்தான் சேர்ந்தேன்.

ஒச்சம்மா: முதல் நாளா! சாப்பிட்டாயா?

பிரபு: ஆச்சு அப்பத்தா.

ஒச்சம்மா: பொய் சொல்லாதே, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சரி, உட்கார். சும்மா உட்காராதே, இந்தா, ஒரு கை உரி. புழு இருக்கிற காயைத் தனியாகப் போடு.

(பிரபு பாரத்தை மடியில் வைத்து, பேனாவைச் சட்டைப் பையில் சொருகிவிட்டு உரிக்கத் தொடங்குகிறான். முதல் காயிலேயே புழு.)

பிரபு: சில கேள்விகள் கேட்கட்டுமா? விருப்பம் இல்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம்.

ஒச்சம்மா: கேள். அதுக்கு முன்னால், உனக்கு எவ்வளவு சம்பளம்?

பிரபு: அது... பதினாறாயிரம்.

ஒச்சம்மா: என்ன படிச்சிருக்கிறாய்?

பிரபு: எம்.எஸ்.டபிள்யூ., சமூகப் பணிப் படிப்பு. டிகிரி முடித்த பிறகு ரெண்டு வருஷம்.

ஒச்சம்மா: ரெண்டு வருஷம் படித்துத்தான் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்க வந்தாயா? நாங்கள் எல்லாம் படிக்காமலே கேட்கிறோம். கல்யாணம்?

பிரபு: இன்னும் இல்லை. அப்பத்தா, கேள்வி நான் கேட்க வேண்டும்.

ஒச்சம்மா: உன்னை யார் வேண்டாம் என்றது? வாயைத் திற.

பிரபு: மாத வருமானம்?

ஒச்சம்மா: முதியோர் பென்சன் ஆயிரத்து இருநூறு. முந்தி ஆயிரமாக இருந்தது, 2023-ல் ஏற்றினார்கள்.

பிரபு: மகளிர் உரிமைத் தொகை?

ஒச்சம்மா: பென்சன் வாங்குகிறவளுக்கு அது கிடையாது என்றார்கள். மருமகளுக்கு வருகிறது. அவளுக்கு ஆயிரம், எனக்கு ஆயிரத்து இருநூறு. கவர்மெண்டுக்கே தெரிந்திருக்கிறது பார், மாமியாருக்கு இருநூறு ரூபாய் மூப்பு.

பிரபு: அடுத்தது... தனிமையாக உணர்கிறீர்களா? எப்போதும், சில நேரம், இல்லவே இல்லை. இதில் எது?

ஒச்சம்மா: விடிந்தால் அடைந்தால் இந்தத் திண்ணைக்கு ஆள் வந்தபடி இருக்கிறது. இப்போது நீ வேறு. கொஞ்ச நேரம் தனியாக விட்டால் தேவலை. அந்தக் கட்டம் இருக்கிறதா?

பிரபு: இல்லை.

ஒச்சம்மா: அப்புறம் என்ன பாரம் அடித்தார்கள்? ஏ, அங்கே பார், அந்த ஆடு!

பிரபு: (பாடத்தில் படித்தபடி, குரலைத் தாழ்த்தி) உங்கள் மனதை ஏதோ பாதிக்கிறது. எனக்குப் புரிகிறது அப்பத்தா.

ஒச்சம்மா: உன் தலை! ஆடு அவரைக் கொடியைத் தின்கிறது. எழுந்து விரட்டு.

(விரட்டிவிட்டு வருகிறான். புது பேண்ட் முழங்கால் வரைக்கும் நாயுருவி. அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போகிறான்.)

பிரபு: பிள்ளைகள் உங்களைக் கவனித்துக்கொள்கிறார்களா?

ஒச்சம்மா: பெரியவன் திருப்பூரில். சின்னவன் இதே தெருவில், அந்தப் பச்சைக் கேட்டு.

பிரபு: எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கவனிக்கிறார்களா? பயப்படாமல் சொல்லுங்கள். பெற்றோருக்கென்று 2007-ல் வந்த சட்டம் இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுத்தால்...

ஒச்சம்மா: மாதம் பத்தாயிரம் வரைக்கும் பிள்ளையைக் கொடுக்கச் சொல்லலாம். வக்கீல் வைக்க வேண்டாம். அம்மாவை அம்போ என்று விட்டவனுக்கு மூணு மாசம் ஜெயில்கூட உண்டு. உசிலம்பட்டியிலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது, மதுரைக்கு அலைய வேண்டாம். வேறு?

பிரபு: (பேனா கையிலேயே நிற்கிறது) உங்களுக்கு எப்படி...

ஒச்சம்மா: பேரன் சொன்னான். அவனை விட்டே ஒரு வெள்ளைத் தாளில் மனுவும் எழுத வைத்துவிட்டேன்.

பிரபு: நல்ல காரியம். எப்போது கொடுத்தீர்கள்?

ஒச்சம்மா: கொடுக்கவில்லை.

பிரபு: ஏன்?

ஒச்சம்மா: கொடுத்தால் ஒரு தடவை விசாரிப்பார்கள், அதோடு போச்சு. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன், நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. சின்னவன் வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்த வந்தபோது பார்த்துவிட்டான். அதுக்கப்புறம் அந்த வீட்டில் கறி எடுத்தால் முதல் கிண்ணம் இங்கே வந்துதான் இறங்குகிறது. நெஞ்செலும்பாகப் பார்த்து வருகிறது!

பிரபு: இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒச்சம்மா: உன் ரெண்டு வருஷப் படிப்பில் சொல்லித் தரவில்லையா?

(சொல்லித் தருவதில்லை. அவன் ‘குடும்ப ஆதரவு: உண்டு’ என்று எழுதிக்கொள்கிறான். அது பொய்யும் இல்லை.)

பிரபு: வீடு யார் பேரில்?

ஒச்சம்மா: சின்னவனுக்கு எழுதிக் கொடுத்தாச்சு.

பிரபு: ஐயோ அப்பத்தா! எழுதும்போது, ‘கடைசி வரை என்னை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தீர்களா? அது இருந்தால்தான் பின்னால் ரத்து செய்யக் கேட்பதற்குப் பலம்.

ஒச்சம்மா: சோறு, துணி, மருந்து மூணையும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். பத்திரம் எழுதுகிறவன் சிரித்தான். ‘சிரிக்காதே, உங்கள் அம்மாவைப் போய்ப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேட்டேன். அப்புறம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினான்.

பிரபு: சரி, இந்த நம்பரையாவது வைத்துக்கொள்ளுங்கள். 14567. முதியோர் உதவி எண். காசு கிடையாது, காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை எடுப்பார்கள்.

ஒச்சம்மா: வம்பெல்லாம் எட்டு மணிக்கு மேலேதானே வருகிறது. சரி, சுவரில் கரியால் எழுது, பெரிசாக. சின்னவன் கண்ணில் படட்டும்.

(எழுதுகிறான். அவர் தள்ளி நின்று பார்த்து, ‘ஏழு சரியாக இல்லை’ என்று அழித்து எழுதச் சொல்கிறார்.)

பிரபு: அப்பத்தா, மனசு விட்டுச் சொல்கிறேன். உங்களுக்கு நான் எதுவும் செய்ய முடியாது போல.

ஒச்சம்மா: எனக்கு எதுக்கு? மேலத்தெருவில் ஒரு கிழவன் இருக்கிறான். காலமெல்லாம் கல் உடைத்த கை. விரலில் ரேகையே இல்லை. பென்சன் கொடுக்க வருகிற பையன் மிஷினில் வைத்து வைத்துப் பார்க்கிறான், ‘பொருந்தவில்லை’ என்று சிவப்பாக வருகிறது. மூணு மாசமாகக் கையில் காசு இல்லை.

பிரபு: (நிமிர்ந்து உட்கார்ந்து) பணம் கணக்கில்தான் இருக்கும் அப்பத்தா! பாஸ்புக்கோடு நேரே பாங்குக்கே போய், மேனேஜர் முன்னால் கைநாட்டு வைத்து எடுக்கலாம். கூட அடையாளம் சொல்ல ஆள் இருந்தால் நல்லது.

ஒச்சம்மா: இது எனக்குத் தெரியாதா? கூட்டிக்கொண்டு போகத்தான் நாதி இல்லை. பெற்றது ரெண்டும் கேரளாவில். நீ எதில் வந்தாய்?

பிரபு: பைக்கில்.

ஒச்சம்மா: அப்புறம் என்ன, கிளம்பு. மொச்சை கிடக்கட்டும். பாங்கில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் கவுண்டரில் ஆள் இருக்காது.

பிரபு: இதோ. அவரிடம் விவரத்தை நான் பக்குவமாகச் சொல்லி...

ஒச்சம்மா: பக்குவமாகச் சொன்னால் கேட்காது, காது மந்தம். கத்திச் சொன்னால் காசு வருகிற சேதி தெருவுக்கே தெரிந்துவிடும், கடன் கொடுத்தவன் எல்லாம் பாங்கு வாசலில் நிற்பான். நான் சாடை காட்டிக்கொள்கிறேன். சாட்சிக்கும் நானே வருகிறேன்.

பிரபு: மூணு பேர் ஒரே வண்டியிலா? ஆபீசில் தெரிந்தால் முதல் நாளே வேலை போய்விடும்.

ஒச்சம்மா: நான் எதுக்கு உன் வண்டியில்? டவுன் பஸ்ஸில் பொம்பளைக்கு டிக்கெட் இல்லை, முன்னாலேயே போய் வரிசையில் நிற்பேன். நீ அவனை மட்டும் ஏற்றிக்கொள்.

பிரபு: என்னிடம் ஹெல்மெட் ஒன்றுதான் இருக்கிறது அப்பத்தா.

ஒச்சம்மா: அதை அவனுக்குப் போடு. எப்படியும் அவனுக்குக் காது கேட்காது.