நாம என்ன எலியா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கவில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் வீடியோ பார்த்திருப்பீர்கள். நம் போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு உடம்பை என்ன செய்யும் என்று எலிகளில் பார்த்த ஆய்வுத்தாளை டீச்சர் படித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தர் எழுந்து, "அதெல்லாம் எலிக்கும்மா, நாம என்ன எலியா?" என்றார். கூட்டமே சிரித்தது. டீச்சர் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

நான் அந்த எலியைப் பக்கத்தில் பார்த்தவன். எம்.எஸ்சி. படித்தபோது ஆய்வகத்தில் ஒரு சீனியர் அக்காவுக்குக் கூடமாட இருந்தேன். ஒரு வரிசைக் கூண்டுக்குச் சாதாத் தண்ணீர், இன்னொரு வரிசைக்குச் சோடியம் ஃபுளோரைடு கலந்த தண்ணீர். தீனி இரண்டுக்கும் ஒன்றுதான். எலியின் முன்பல் இயல்பிலேயே ஆரஞ்சு கலந்த மஞ்சள். சில வாரத்தில் ஃபுளோரைடு குடித்த எலிகளின் பல்லில் குறுக்கே சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளை வரி விழுந்தது. ஒரு நாள் கூண்டு கழுவும்போது ஒன்று கம்பியைக் கடித்தபடி நின்றது. அந்தப் பல்லைப் பார்த்ததும் எனக்குத் தங்கச்சி ஞாபகம்தான் வந்தது. அவள் பல்லில் காபி நிறத்தில் கோடு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நின்றாள். "பாக்குப் போடுதா பொண்ணு?" என்று கேட்டார்கள்.

பல் வெளியே தெரிகிறது. உள்ளே நடப்பதை எலிதான் காட்டியது. கல்லீரலை அரைத்து, மருந்து சேர்த்து, கொதிநீரில் வைப்போம். செல்லின் கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு ரோஸ் நிறம் ஏறும். சாதாத் தண்ணீர் எலியின் குழாய் வெளிறியே இருந்தது. பக்கத்துக் குழாய் நல்ல ரோஸ். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று டீச்சர் சொன்னது இதைத்தான். நாம் இழுக்கும் மூச்சுக்காற்றின் ஆக்சிஜனே கட்டுமீறி செல்லை அரிக்கிறது. அதைத் தடுக்க உடம்பு வைத்திருக்கும் குளுட்டாதயோன், கேட்டலேஸ் எல்லாம் குறைகின்றன. கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று பல ஆய்வகங்கள் இதையே பார்த்திருக்கின்றன.

"எலிக்கு லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் கொடுக்கிறீங்க, நம்ம போர்ல அவ்வளவா இருக்கு?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. மனிதனின் ரத்தத்தில் சேரும் அளவு எலியின் ரத்தத்திலும் சேர வேண்டுமென்றால், அதன் தண்ணீரில் சுமார் ஐந்து மடங்கு கலக்க வேண்டும். எலி உயிரோடு இருப்பதே இரண்டு, மூன்று வருஷம். என் அம்மா அறுபது வருஷமாகக் குடிக்கிறார். எலிக்கு வந்ததெல்லாம் அப்படியே நமக்கும் வரும் என்று டீச்சரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் எலிக்குத்தானே என்று தள்ளாதீர்கள்.

காய்ச்சிக் குடித்தால் போதும் என்பவர்களுக்கு ஒரே வரி: காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும்.

விலங்குக்குச் செய்தது மனிதனுக்குப் பலிக்காதா? நம் ஊர்ப் புளியைக் கேளுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் முதலில் நாய்களுக்குப் புளி கொடுத்து, உடம்பிலிருந்து ஃபுளோரைடு வெளியேறுகிறதா என்று பார்த்தார்கள். பிறகு, 2002இல் வந்த ஆய்வில், விடுதிப் பையன்களுக்கு மதியச் சாப்பாட்டோடு தினமும் 10 கிராம், 18 நாள். சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியது. புளிக்கு மட்டும் பெருமைப்படுவோம், எலி என்றால் சிரிப்போமா?

"ஊர்ப் பேரைக் கெடுக்காதே, பொண்ணு கட்டமாட்டாங்க" என்று நேற்று ஒரு அண்ணன் போன் செய்தார். அண்ணா, என் தங்கச்சியை மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டுப் போனது நான் பதிவு போட்டதாலா? இந்தப் பாறையில் ஃபுளோரைடு இருப்பது என் குற்றமா? 800 அடிக்குப் போர் போட்டு அந்தப் பாறைத் தண்ணீரைத்தானே மேலே இழுக்கிறோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஊரறிந்த அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு மிஞ்சிப் பல்லும் எலும்பும் கெடும் நோய், என்ற வார்த்தை இருக்கிறது. அதை மறைத்து யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

அம்மாவுக்கு இப்போது கழுத்து திரும்புவதில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்க்கிறார். காவிரித் தண்ணீரைக் குடிக்க மட்டும் என்று பித்தளைக் குடத்தில் மூடி வைக்கிறார். சமையலுக்கு எங்கள் கொட்டாயில் போர்த் தண்ணீர்தான். நேற்று ராத்திரி களிக்கு உலை வைத்ததும் அதில்தான். ராகி மாவு அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்து உருண்டையாகிறது. நான் சத்தம் போட்டேன். "குடிக்கிற தண்ணில களி கிண்டுவாங்களாடா?" என்று என்னைத் திட்டினார்.

டீச்சர், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு நானும் பின்வரிசையில்தான் இருந்தேன். எழுந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் படிக்கிறேன்.