பாலாற்றில் நாணலை வழித்தால் வெள்ளம் வராதா?

"பாலாற்றில் முளைத்த நாணல், கோரையை மொத்தமாக வழித்தெடுத்தால் வேலூருக்கு வெள்ளமே வராது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

நாணல் தண்டுகளுக்குள் புகுந்த நீர் வேகம் குறைந்து, சுமந்து வந்த வண்டலை அங்கேயே போட்டுவிடும். அந்த வண்டலில் புதுச் செடி முளைக்கும், வேர் மண்ணைப் பிடிக்கும், கரை மெல்ல உயரும். ஆறு தன் கரையைத் தானே கட்டிக்கொள்கிற வேலை இது. வேரைப் பிடுங்கிவிட்டால் அடுத்த வெள்ளம் கரையை எளிதாக அரிக்கும். அரித்த மண் கீழே வேறெங்கோ மேடு தட்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும்.

சரி, நடு ஆற்றில் மண்டிய சீமைக் கருவேலம்? அது வேறு கதை. நீரோட்டத்தைக் கரைப்பக்கம் திருப்பிவிடும், தாராளமாக எடுக்கலாம். செய்தியை அனுப்பியவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.