மாடி போர்ஷன் வாடகைக்கு

சென்னை நங்கநல்லூரில் ஒரு தெருமுனை. புங்க மரத்தடியில் முருகேசனின் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டி இப்போதுதான் கனன்று சூடேறியிருக்கிறது. எதிர்வீட்டு ரங்கநாதன் சார், ஓய்வு பெற்றவர், கையில் ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவுமாக வருகிறார்.

ரங்கநாதன்: முருகேசா, கொஞ்சம் இடம் கொடு. டூலெட் போர்டு எழுத வேண்டும்.

முருகேசன்: அந்த ஓரமா வைத்து எழுதுங்க சார், பட்டுப்புடவை மேல மை படாம. மாடி போர்ஷனா?

ரங்கநாதன்: ஆமாம். இரண்டு பெட்ரூம், மாதம் 22,000. முதல் வரி என்ன தெரியுமா? 'விமான நிலையம் மிக அருகில்.'

முருகேசன்: அதை எழுதவே வேண்டாம் சார். மொட்டைமாடியில் நின்றால், இறங்குகிற விமானத்துக்கு எந்த டயரில் காற்று கம்மி என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். ஃபோனில் பேசுகிறவன் பாதியில் நிறுத்தி, வானத்தைப் பார்த்துவிட்டு, அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடருகிற தெரு இது.

ரங்கநாதன்: சரி, அடித்துவிட்டேன். 'பழவந்தாங்கல் ஸ்டேஷன் ஐந்து நிமிட நடை.' பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே கரண்ட் ரயில் விட்ட தடம் அப்பா அது!

முருகேசன்: மழை பெய்து சுரங்கப்பாதையில் தண்ணி நிற்கிறபோதும் ஐந்து நிமிடம்தானா? 'நீச்சல் தெரிந்தவர்களுக்கு' என்று பக்கத்திலேயே போட்டுவிடுங்க.

ரங்கநாதன்: மெட்ரோ இருக்கிறதே! 2016லேயே வந்தாச்சு.

முருகேசன்: அது ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கு. தண்டவாளத்தைத் தாண்டித்தானே போகணும்?

ரங்கநாதன்: வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் நீ. போகட்டும், 'அமைதியான தெரு.' இதில் என்ன குற்றம்?

(அதே நேரம் ஒரு 'குட்டி யானை' சரக்கு வண்டி திரும்புகிறது. 'கல்லு உப்பு, தூள் உப்பு, கோலமாவேய்…' ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல், மூச்சே விடாமல். இருவரும் அது தாண்டும் வரை காத்திருக்கிறார்கள்.)

முருகேசன்: என்னமோ சொன்னீங்களே, காதில் விழவில்லை.

ரங்கநாதன்: அமைதி… சரி விடு.

முருகேசன்: இவர் போனால் பழைய பேப்பர் வண்டி. அப்புறம் கீரைக்காரம்மா, அதற்கு ஸ்பீக்கரே வேண்டாம், குரல் மூன்று தெருவுக்குப் போகும். ராத்திரி சோன்பப்டி மணி. மார்கழி வந்தால் விடிவதற்கு முன்னாலேயே பாட்டு.

ரங்கநாதன்: பாட்டு வருகிறது என்றால் பக்கத்தில் கோவில் இருக்கிறது என்று அர்த்தம். 32 அடி ஆஞ்சநேயர், ஒரே கல்! அதற்காகவே குடிவருகிறவர்கள் உண்டு.

முருகேசன்: உண்டு சார். சனிக்கிழமை உங்கள் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, வடைமாலை சாத்திவிட்டு வருகிறேன் என்று போகிறவர்களும் உண்டு. போன வாரம் நீங்கள் பனியனோடு தெருவில் நின்று கத்தினதை நான்தானே வந்து சமாதானப்படுத்தினேன்?

ரங்கநாதன்: நீ சொல்வதைப் பார்த்தால், குடிவருகிறவனுக்கு நான்தான் மாதாமாதம் பணம் கொடுக்கணும் போலிருக்கு. சரி, 18,000 என்று போடுகிறேன். போதுமா?

முருகேசன்: 15,000 என்றால் நானே எடுத்துக்கிறேன்.

ரங்கநாதன்: நீயா? இந்த வண்டியை மாடிக்கு எப்படிய்யா ஏற்றுவாய்?

முருகேசன்: எனக்கில்லை சார். என் பொண்ணும் மாப்பிள்ளையும் சித்திரையில் இங்கேயே வந்துவிடப் போகிறார்கள். பேரன் வேறு.

(ரங்கநாதன் பேனாவை மூடுகிறார். தொண்டையைச் செருமுகிறார்.)

ரங்கநாதன்: முருகேசா, நான் சொல்கிறேனே என்று தப்பாக நினைக்காதே. விமானச் சத்தம் ரொம்ப இருக்கும். குழந்தை தூங்காது.

முருகேசன்: குழந்தைக்கு விமானத்தைக் காட்டித்தானே சார் சோறு ஊட்டணும்! ஒரு வாய்க்கு ஒரு விமானம் வந்துகொண்டே இருக்கும். நிலாவுக்காவது அமாவாசை உண்டு.

ரங்கநாதன்: சுரங்கப்பாதையில் தண்ணி நிற்குமே?

முருகேசன்: வருஷத்தில் என்றைக்கோ பெய்கிற மழையைப் பார்த்து யாராவது வீடு பிடிப்பார்களா? மற்ற நாளெல்லாம் இறங்கினவுடனே பூ, சூடாக வேர்க்கடலை. வெள்ளிக்கிழமையானால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம், சந்தையில் ரோஜாச் செடியிலிருந்து கால் உடைந்த நாற்காலி வரைக்கும் கிடைக்கும். நீங்கள் திண்ணையில் போட்டு உட்கார்கிறீர்களே, அது எங்கே வாங்கினது?

ரங்கநாதன்: அது ஆடுகிறது.

முருகேசன்: ஆடுகிற நாற்காலிக்குக் கடையில் கூடுதல் விலை சார்.

ரங்கநாதன்: உப்பு வண்டி? கீரைக்காரம்மா?

முருகேசன்: அதெல்லாம் இல்லாவிட்டால் மணி எப்படித் தெரியும்? கீரைக்காரம்மா குரல் கேட்ட பிறகுதான் உங்கள் வீட்டுக் குக்கரே விசில் அடிக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடல்காற்று திரும்பினால் மொட்டைமாடியில் உலர்த்தின வேட்டி ஒரு பக்கமாகப் படபடக்கும், பார்த்திருக்கிறீர்களா? நான் இங்கிருந்தே பார்ப்பேன். அப்புறம் இந்த மரம். பங்குனியில் புங்கம்பூ கொட்டும்போது விரித்த துணியெல்லாம் பொரி தூவின மாதிரி ஆகிவிடும், உதறி உதறித்தான் பெட்டியை வைக்கணும். உங்கள் சட்டைப் பையில் நாலு பூவாவது ஒட்டிக்கொண்டு வருமே, அதற்கு என்றைக்காவது காசு கேட்டிருக்கேனா?

ரங்கநாதன்: அடப்பாவி, அது உன் மரத்துப் பூவா! யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தாள் என்று வருஷா வருஷம் வீட்டில் விசாரணைக் கமிஷன் நடக்கிறது.

முருகேசன்: சரி சார், நிஜமாக என்ன தயக்கம்?

ரங்கநாதன்: வேறென்ன… வேற்று ஆளிடம் பத்து மாத அட்வான்ஸ் கேட்கலாம். மோட்டார் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் சத்தம் போடலாம். உன் பொண்ணிடம் எப்படிச் சத்தம் போடுவேன்? போட்டேன் என்று வை, மறுநாள் என் வெள்ளைச் சட்டை உன் கையில்தானே இருக்கும்!

முருகேசன் (பெட்டியை அந்தச் சட்டைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி): இப்போதும் என் கையில்தான் சார் இருக்கிறது.

ரங்கநாதன்: வைக்காதே, வைக்காதே! 16,000. அட்வான்ஸ் மூன்று மாதம் கொடு, போதும்.

முருகேசன்: 14,000.

ரங்கநாதன்: இப்போதுதானே 15,000 என்றாய்? உலகத்தில் எவனாவது இறங்கி இறங்கிப் பேரம் பேசுவானா?

முருகேசன்: மாமி நேற்றே 14,000 என்று சொல்லி, வெற்றிலைப் பாக்கும் கொடுத்துவிட்டார்கள். உங்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே என்றுதான் கூடவே 1,000 போட்டுக் கேட்டேன்.

ரங்கநாதன்: என் வீடு, என் மாடி… சரி, இந்த அட்டையை என்ன செய்கிறது?

முருகேசன்: பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? 'கேட்டுக்கு முன்னால் கார் நிறுத்தாதீர்கள்' என்று பெரிசா எழுதுங்க சார். நாளைக்குச் சனிக்கிழமை.